ஆற்றுக்கு அக்கரையில் ஓர் ஆஸ்பத்திரி

அடுத்த வீட்டில் கல்யாணம் என்றால் நமக்கும் சந்தோஷந்தான். நாதஸ்வரம் காதில் விழுகிறது. பந்தலின் நிழல் நம் வாசலிலும் கொஞ்சம் விழுகிறது. ஆனால் கல்யாணத்துக்கு வந்தவர்களின் கார்கள் நம் வாசலை அடைத்துக்கொண்டு நின்றால்? பால்காரர் உள்ளே வர முடியவில்லை. காலையில் போட்ட கோலத்தின்மேல் டயர் அடையாளம். வாயைத் திறந்து சொன்னால், "இவளுக்கு என்ன பொறாமை!" என்பார்கள். சொல்லாமலிருந்தால் இரண்டு நாள் அவஸ்தை.

கல்யாணமாவது இரண்டு நாளில் முடிந்துவிடும். அடுத்த வீட்டில் வருவது ஆஸ்பத்திரி என்றால் என்ன செய்வது? ஆட்சேபித்தால், "நோயாளிக்குக்கூட வழிவிட மாட்டாயா?" என்று ஊர் கேட்காதா?

இந்தத் தர்மசங்கடத்தில் ஓர் ஊரே மாட்டிக்கொண்ட கதையைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன், சகோதரிகளே. ஊர் இருப்பது அமெரிக்காவில், காலிபோர்னியா மாநிலத்தில். எங்கோ தூரத்துச் சமாசாரம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். பெண்ணின் பிரசவத்துக்கென்று லேகியமும் வசம்புமாக மூட்டை கட்டிக்கொண்டு அந்தப் பிரதேசத்துக்கு விமானம் ஏறும் தாய்மார்கள் நம்மில் எத்தனையோ பேர். நான் சொல்லப்போகும் சாலைகளில் உங்கள் மாப்பிள்ளையே தினம் காரை ஓட்டிக்கொண்டு, முணுமுணுத்துக்கொண்டு இருக்கலாம்.

சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே, வளைகுடாவை ஒட்டி இரண்டு ஊர்கள். ஒன்று பாலோ ஆல்ட்டோ. மற்றது மென்லோ பார்க். 2020-ஆம் வருஷக் குடிமதிப்பின்படி முதலாவதில் சுமார் 68,000 பேர். இரண்டாவதில் ஏறக்குறைய அதில் பாதி. நடுவே சான் பிரான்சிஸ்கீட்டோ என்று ஓர் ஓடை. கோடையில் பார்த்தால் இதுவா எல்லைக்கோடு என்று சிரிப்பு வரும். பல இடங்களில் பாதம் நனையாமல் தாண்டிவிடலாம். மழைக்காலத்தில் மட்டும் சிரிக்கக் கூடாது. 1998 பிப்ரவரியில் அது கரை புரண்டு நூற்றுக்கணக்கான வீடுகளுக்குள் புகுந்துவிட்டது. இந்த ஓடைக்குத் தென்புறம் பாலோ ஆல்ட்டோ, சான்டா கிளாரா ஜில்லா. வடபுறம் மென்லோ பார்க், சான் மாட்டியோ ஜில்லா. நகரசபை வேறு, ஜில்லா வேறு, வரிப்பணம் வேறு. பார்க்கிற கண்ணுக்கோ ஒரே ஊர்.

தென்கரையில், ஓடையிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஸ்டான்ஃபோர்டு சர்வகலாசாலையின் ஆஸ்பத்திரி இருக்கிறது. 1959-ல் திறந்தது. லேசான ஆஸ்பத்திரி அல்ல. அமெரிக்காவில் முதன்முதலாக வயது வந்த ஒரு மனிதருக்கு மாற்று இருதயம் பொருத்தியது இங்கேதான். டாக்டர் நார்மன் ஷம்வே 1968 ஜனவரி 6-ஆம் தேதி அந்தச் சிகிச்சையைச் செய்தார். 1991-ல் பக்கத்திலேயே குழந்தைகளுக்கென்று தனி ஆஸ்பத்திரியும் வந்தது. இன்றைக்கும் வேறு இடத்தில் கைவிட்ட 'கேஸ்'களை அங்கே கொண்டு போகிறார்கள்.

இவ்வளவு பேர் பெற்ற ஆஸ்பத்திரி ஏன் இடித்துக் கட்ட வேண்டும் என்று கிளம்பியது? காரணம் பூகம்பம். 1994 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் நார்த்ரிட்ஜ் என்ற இடத்தில் பெரிய நில அதிர்ச்சி ஏற்பட்டது. அடிபட்டவர்கள் ஓடிப் போக வேண்டிய ஆஸ்பத்திரிகளிலேயே சுவர் விரிந்து, நோயாளிகளை வெளியே கொண்டுவர வேண்டியதாயிற்று. அந்த வருஷமே மாநில சர்க்கார் ஒரு சட்டம் போட்டது: ஆஸ்பத்திரிக் கட்டடங்கள் பூகம்பத்தைத் தாங்க வேண்டும், தாங்காதவற்றைக் குறிப்பிட்ட கெடுவுக்குள் பலப்படுத்தவோ மாற்றிக் கட்டவோ வேண்டும். ஸ்டான்ஃபோர்டுக்காரர்கள், "கட்டுவதுதான் கட்டுகிறோம், பெரிதாகவே கட்டிவிடுவோம்" என்று தீர்மானித்தார்கள். நாம் சமையலறை ஓட்டை மாற்றப் போய் மாடி எழுப்பிவிடுவதில்லையா, அந்த மாதிரி. 2007-ல் பாலோ ஆல்ட்டோ நகரசபையில் மனுக் கொடுத்தார்கள். இருக்கிற கட்டடங்களுக்கு மேல் சுமார் 13 லட்சம் சதுர அடி கூடுதல். 2,000-க்கு மேல் புதிய உத்தியோகங்கள்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் நோயாளிகள் மட்டுமா? டாக்டர், நர்ஸ், ஆயா, சமையற்காரர், துணி வெளுப்பவர், மருந்து கொண்டு வரும் லாரி, பார்க்க வரும் உறவுக்காரர்கள். உறவுக்காரர்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இப்படியாக நாள் ஒன்றுக்குச் சுமார் 10,000 தடவை கூடுதலாகக் கார்கள் வந்து போகும் என்று மதிப்பிட்டார்கள்.

அந்தக் கார்கள் எந்த வழியாக வரும்? இங்கேதான் தகராறு. மேற்கே பெரிய நெடுஞ்சாலையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வரும் முக்கியமான சாலை சாண்ட் ஹில் ரோடு. அதில் பெரும் பகுதி மென்லோ பார்க்குக்குள் ஓடுகிறது. கிழக்கே வளைகுடாவின் மறுகரையிலிருந்து வருகிறவர்களுக்கு டம்பார்ட்டன் பாலம். அந்தப் பாலம் வந்து இறங்குவதும் மென்லோ பார்க்கில்தான்; அங்கிருந்து வில்லோ ரோடு, மார்ஷ் ரோடு என்று ஊரைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போக வேண்டும். ஆக, ஆஸ்பத்திரி ஓர் ஊரில். அதற்குப் போகிற பாதை இன்னோர் ஊரில். கட்டலாமா கூடாதா என்று தீர்ப்புச் சொல்கிற அதிகாரம் பாலோ ஆல்ட்டோவுக்கு. புகை குடிக்கிற பாக்கியம் மென்லோ பார்க்குக்கு.

பழைய மனஸ்தாபம் வேறு இருந்தது. இதே சாண்ட் ஹில் ரோடு வெகு காலம் வரை ஊரின் பிரதான சாலையைத் தொடாமல், ஒரு கடைத்தெருவின் கார் நிறுத்துமிடத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றது! அதை நீட்டுவதா, அகலப்படுத்துவதா என்ற சண்டை பல பத்து வருஷங்கள் நடந்தது. 1997-ல் பாலோ ஆல்ட்டோ வாக்காளர்கள் ஓட்டுப் போட்டுச் சம்மதம் தந்த பிறகுதான் வழி பிறந்தது. அண்டை ஊர்க்காரர்கள் அதை மறந்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்களா? சம்பந்திச் சண்டையைக்கூட மறக்கலாம். சாலைச் சண்டையை யாரும் மறப்பதில்லை.

நம் மனத்தில் உடனே எழும் கேள்வி: "சின்ன ஊர், சட்டப்படி அதிகாரம் இல்லை; அப்புறம் அது என்ன செய்ய முடியும்?" செய்ய முடியும். 1970-ல் காலிபோர்னியாவில் ஒரு சட்டம் வந்தது. பெரிதாக எதையாவது கட்டுமுன், அதனால் காற்றுக்கும் தண்ணீருக்கும் சாலைக்கும் என்ன ஆகும் என்று அறிக்கை தயாரித்து ஊரறியப் படிக்கக் கொடுக்க வேண்டும். அதைப் படித்துவிட்டு யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் எழுதலாம். அண்டை நகரசபையும் எழுதலாம், அடுத்த தெருப் பாட்டியும் எழுதலாம். சட்டம் என்ன சொல்கிறதென்றால், அந்த ஆட்சேபங்களுக்கு எழுத்து மூலம் பதில் சொல்லியாக வேண்டும். பாட்டிக்கும்தான். எனக்கு இந்த இடம் மிகவும் பிடித்திருக்கிறது. கோரிக்கையை ஏற்பார்களா என்பது அப்புறம். "பார்த்தோம், படித்தோம், இதுதான் எங்கள் பதில்" என்று சொல்லவைப்பதே பாதி வெற்றி அல்லவா?

2010 மே மாதம் வரைவு அறிக்கை வெளியாயிற்று. மென்லோ பார்க்கின் மார்ஷ் ரோடு, வில்லோ ரோடு, சாண்ட் ஹில் ரோடு, ஆல்பைன் ரோடு ஆகியவற்றில் நெரிசல் கணிசமாகக் கூடும் என்று அதிலேயே ஒப்புக்கொண்டிருந்தார்கள். நெரிசலை எப்படி அளக்கிறார்கள் தெரியுமா? பள்ளிக்கூடத்து மார்க் மாதிரிதான். ஒவ்வொரு நாற்சந்திக்கும் 'ஏ' முதல் 'எஃப்' வரை ஒரு எழுத்து. சிக்னலில் ஒரு கார் சராசரியாகப் 10 விநாடிக்குள் கடந்துவிட்டால் 'ஏ'. 80 விநாடிக்கு மேல் காத்திருந்தால் 'எஃப்', அதாவது ஃபெயில். 80 விநாடி என்ன பிரமாதம் என்று தோன்றும். பின் ஸீட்டில் மூச்சுத் திணறுகிற குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவளைக் கேட்டால் அந்த 80 விநாடி எவ்வளவு நீளம் என்று சொல்லுவாள். ஆம்புலன்ஸுக்குச் சிவப்பு விளக்கைத் தாண்ட அனுமதி உண்டு, வாஸ்தவந்தான். முன்னால் நிற்கிற கார்கள் ஒதுங்க இடம் இருந்தால்தானே அந்த அனுமதியால் பிரயோஜனம்? நெரிசலைப் பற்றிப் பேசுகிறவர்களை ஆஸ்பத்திரிக்கு விரோதிகள் என்று நினைப்பது இதனால்தான் சரியல்ல. ஆஸ்பத்திரிக்கே அது உயிர்ப் பிரச்னை.

இன்னொரு வேடிக்கை. மென்லோ பார்க் நாற்சந்திகளைச் சீர் செய்ய யோசனைகள் இல்லாமலில்லை. ஆனால் அந்த நாற்சந்திகள் பாலோ ஆல்ட்டோவின் ஆட்சிக்கு வெளியே இருக்கின்றன. 'மருந்து இருக்கிறது; ஆனால் அலமாரிச் சாவி என்னிடம் இல்லை' என்ற நிலை. இந்த மாதிரிப் பாதிப்புகளை 'தவிர்க்க முடியாதவை' என்று எழுதிவிடச் சட்டத்தில் இடமுண்டு. நன்மை தீமையை விஞ்சுகிறது என்று காரணங்களை எழுதி வைத்துவிட்டு நகரசபை அனுமதி கொடுத்துவிடலாம். நன்மையின் தட்டில் பூகம்பத்தைத் தாங்கும் ஆஸ்பத்திரியை வைத்தால் எந்தத் தராசு சாயாது!

ஆகவே மென்லோ பார்க் பிடிவாதம் பிடித்து வழக்காடவில்லை, பேரம் பேசியது. கடைசியில் ஸ்டான்ஃபோர்டு அந்த ஊருக்குச் சுமார் 37 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. 2011 ஜூன் மாதம் பாலோ ஆல்ட்டோ நகரசபை அனுமதி கொடுத்தது. பல நூறு கோடி டாலர் திட்டத்தில் 37 லட்சம் என்பது கல்யாணச் செலவில் தாம்பூலப் பைக் கணக்குத்தான். ஆனாலும், தன் ஊரில் நடக்காத ஒரு வேலைக்காகத் தன் சாலைக்கு ஒரு பங்கு வாங்கியதே, அதற்காக அந்த நகரசபைக்கு ஒரு சபாஷ் போடலாம்.

என் அபிப்பிராயத்தில் முக்கியமான காரியம் அந்தப் பணமல்ல. அதே ஒப்பந்தத்தில் இன்னொரு ஷரத்து இருந்தது. ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கு இலவச ரயில் பாஸ். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து சான் ஹோசே வரை ஓடும் 'கால்ட்ரெயின்' ரயிலில் ஊழியர்கள் போய் வர 51 வருஷ காலத்துக்கு ஏற்பாடு. அதற்கு மட்டும் சுமார் 9 கோடி டாலர் ஆகும் என்று மதிப்பு. சாலையை அகலப்படுத்தினால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா? பெரிய பீரோ வாங்கினால் புடவை அதற்குத் தக்கபடி சேர்ந்துவிடுகிறது. அகலச் சாலையிலும் அப்படியே கார் சேர்ந்துவிடும். காரை வீட்டிலேயே விட்டுவிட்டு வரச் செய்வதுதான் சாமர்த்தியம்.

இந்த யோசனையை மாநில சர்க்காரும் பிறகு பிடித்துக்கொண்டது. 2013-ல் இயற்றிய ஒரு சட்டம் 2020 ஜூலை முதல் முழு அமலுக்கு வந்தது. நாற்சந்தியில் எத்தனை விநாடி காத்திருக்கிறார்கள் என்பது இனிச் சுற்றுச்சூழல் கேடாகக் கணக்கில் சேராது. மொத்தத்தில் எத்தனை மைல் கார் ஓட்டுகிறார்கள் என்பதுதான் கணக்கு. 'ஏ', 'எஃப்' மார்க்குகளை நகரசபைகள் தங்கள் சொந்த உபயோகத்துக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். பூமிக்கு இது நல்லதுதான். ஆனால் அண்டை ஊர்க்காரனுக்கு? "என் தெரு முனையில் 80 விநாடி நிற்கிறேன்" என்று அவன் கையில் வைத்திருந்த அளவுகோலை மெல்ல வாங்கி வைத்துவிட்டார்கள். மென்லோ பார்க் 2010-ல் எழுதிய ஆட்சேபத்தை இன்று எழுதினால் அதில் பாதிக்கு மேல் வலு இருக்காது.

அந்தக் கார்களுக்குள் எட்டிப் பார்த்தால் இன்னொரு விஷயம் தெரியும். விடியுமுன் டம்பார்ட்டன் பாலத்தைக் கடந்து வருகிறவர்கள் யார்? பிணி தீர்க்கப் போகும் நர்ஸ்கள், தரை துடைப்பவர்கள், ரத்தம் எடுப்பவர்கள். அவர்கள் ஏன் வளைகுடாவுக்கு மறுகரையில் குடியிருக்கிறார்கள்? பாலோ ஆல்ட்டோவிலும் மென்லோ பார்க்கிலும் வீட்டு விலை அவர்களுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. பத்து வீடு கூடுதலாகக் கட்டலாம் என்று யாராவது சொன்னால் இரண்டு ஊரிலும் ஆட்சேப மனுக்கள் குவியும். வீட்டு வசதித் திட்டத்தைப் பல வருஷங்களாகப் புதுப்பிக்கவில்லை என்று 2012-ல் மென்லோ பார்க்கின் மேலேயே வழக்குப் போட்டார்கள். ஊர் சமரசத்துக்கு வந்தது. இரவில் தலைமாட்டில் நின்று ஊசி போட நர்ஸ் வேண்டும். அவள் வரும் கார் மட்டும் கண்ணில் படக் கூடாது! என்ன நியாயம், சொல்லுங்கள்? நம் வீட்டுக்கு வேலைக்கு வரும் அம்மாள் எத்தனை பஸ் மாறி வருகிறாள் என்று நாம் கேட்டிருக்கிறோமா என்ற நினைப்பும் எனக்குக் கூடவே வந்தது.

கதை இதோடு முடிந்திருந்தால் சுவாரசியம் குறைவு. ஆஸ்பத்திரிக்கு அனுமதி கிடைத்த அதே 2011-ல், 'ஃபேஸ்புக்' கம்பெனி பாலோ ஆல்ட்டோவை விட்டுக் கிளம்பி மென்லோ பார்க்குக்கு ஜாகை மாற்றிக்கொண்டது. வில்லோ ரோடு வளைகுடாவைத் தொடுகிற இடத்தில் பெரிய அலுவலகம். ஆயிரக்கணக்கான ஊழியர்கள். மேலும் மேலும் கட்டடங்களுக்கு மென்லோ பார்க் கதவைத் திறந்துவிட்டது. பக்கத்தில் கிழக்கு பாலோ ஆல்ட்டோ என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. பெயரைப் பார்த்துப் பாலோ ஆல்ட்டோவின் ஒரு பேட்டை என்று நினைத்துவிடாதீர்கள். அது தனி நகரம், மற்ற இரண்டைவிட ஏழை. பாலத்திலிருந்து வருகிற கூட்டம் அந்த ஊரின் தெருக்களிலும் புகுந்து புறப்படுகிறது. 2016-ல் அந்தச் சிற்றூர் மென்லோ பார்க்கின் மேல் வழக்குத் தொடர்ந்தது. புகார் என்ன தெரியுமா? "நீங்கள் உங்கள் ஊரில் கட்டிக்கொண்டே போகிறீர்கள், போக்குவரத்து நெரிசலும் வீட்டு வாடகையும் எங்கள் தலையில் விடிகிறது!" அக்கரைக்காரரைப் பார்த்துத் தான் சொன்ன வார்த்தையை அப்படியே தன் காதால் கேட்க வேண்டியதாயிற்று மென்லோ பார்க்குக்கு. மறு வருஷம் அதுவும் சமரசத்தில் முடிந்தது.

ஆஸ்பத்திரிக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். குழந்தைகள் ஆஸ்பத்திரியின் புதிய கட்டடம் 2017 டிசம்பரிலும், பெரியவர்களுக்கான புதிய ஆஸ்பத்திரி 2019 நவம்பரிலும் திறந்தன. நாலே மாதத்தில் கொரோனா வந்தது. அத்தனை வருஷம் விநாடிக் கணக்குப் பார்த்துச் சண்டை போட்ட நாற்சந்திகளெல்லாம் வெறிச்சோடிக் கிடந்தன. ஸ்டான்ஃபோர்டுக்காரர்களோ நோயாளிகளைக் காரை விட்டு இறங்க வேண்டாம் என்று சொல்லி, காரில் உட்கார்ந்தபடியே பரிசோதனை செய்தார்கள்!

இப்போது சாலைகள் மறுபடி நிரம்பிவிட்டன. பிள்ளையோ பெண்ணோ அந்தப் பக்கம் இருந்து, நீங்கள் போகும்போது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வந்தால் ஒன்று சொல்கிறேன். அவசரமில்லாத நாளானால் மாப்பிள்ளையின் ஆபீஸுக்கு லீவு போடச் சொல்ல வேண்டாம். கால்ட்ரெயினில் ஏறிப் பாலோ ஆல்ட்டோ ஸ்டேஷனில் இறங்குங்கள். 2024 முதல் அது மின்சார ரயிலாகிவிட்டது, புகை கிடையாது. ஸ்டேஷனிலிருந்து சர்வகலாசாலையின் பஸ் ஆஸ்பத்திரிக்குப் போகிறது. டிக்கெட் கிடையாது, யார் வேண்டுமானாலும் ஏறலாம். பஸ்ஸுக்கு 'மார்கரீட்' என்று பெயர். கார் வராத காலத்தில் ஊருக்கும் சர்வகலாசாலைக்கும் இடையே ஜனங்களை ஏற்றிக்கொண்டு போன வண்டியை இழுத்த ஒரு பெண் குதிரையின் பெயராம் அது.